வெளிநாட்டுக் குளிருக்கு ஃபர் கோட்: அணியலாமா, எங்கே பறிமுதல் ஆகும்?

கலிஃபோர்னியாவில் ஃபருக்குத் தடை, இஸ்ரேலில் ஃபருக்குத் தடை என்று செய்தி வரும்போதெல்லாம், குளிர்நாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. அத்தை கொடுத்த பழைய மிங்க் கோட்டையோ, தலைமூடியின் ஓரத்தில் மயிர் வைத்துத் தைத்த ஜாக்கெட்டையோ போட்டுக்கொண்டு போனால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களா? தெருவில் யாராவது வம்புக்கு வருவார்களா? இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோகும் அளவுக்கு அந்த ஊரில் குளிர்தான் இருக்கிறதா?

இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். செய்திகள் முதல் கேள்வியைப் பேசுவதுபோல் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவை பயணியைப் பற்றியவையே அல்ல. பயணிக்கு வரும் சிக்கல் எல்லைச் சாவடியில் வருகிறது. அதைத் தீர்மானிப்பவை இரண்டு: தோல் எந்த விலங்கினுடையது, நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள்.

ஃபர் என்று எதைச் சொல்கிறோம்

மயிரோடு சேர்த்துப் பதப்படுத்திய விலங்குத் தோல்தான் ஃபர். மயிரை நீக்கிப் பதனிட்டால் அது லெதர். விலங்கை உயிரோடு விட்டு மயிரை மட்டும் கத்தரித்து நூற்றால் அது கம்பளி. ஆட்டுத்தோலை மயிரோடு பதப்படுத்தினால் அதுவும் ஃபர்தான் என்றாலும், பல சட்டங்கள் ஆடு, மாடு, மான் தோல்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கலிஃபோர்னியச் சட்டமும் அப்படித்தான்.

குளிர்நாட்டு விலங்கின் உடலில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. அடியில் பஞ்சுபோல் அடர்ந்திருப்பது உள்மயிர். அதற்கு மேலே நீண்டு, சற்று விறைப்பாக, மினுமினுப்போடு இருப்பது காவல்மயிர். உள்மயிர் காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது. காவல்மயிர் பனியையும் ஈரத்தையும் மேலேயே தட்டிவிடுகிறது. அடியிலுள்ள தோல் காற்று புகாமல் தடுக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் வெப்பத்தைக் காக்கின்றன. அதிகம் விற்பனையாவது மிங்க். மரநாய் போல நீண்ட உடல் கொண்ட சிறிய ஊனுண்ணி அது. ஒரு முழுநீளக் கோட்டுக்குச் சுமார் 40 முதல் 60 மிங்க் தோல்கள் தேவைப்படும். நரி, ரக்கூன், கொயோட்டி (ஓநாய் போன்ற வட அமெரிக்க விலங்கு), முயல், சேபிள் (சைபீரியக் காடுகளில் வாழும் சிறு ஊனுண்ணி) ஆகியவை அடுத்த வரிசை.

செய்தியில் வரும் ‘தடை’ எதற்குத் தடை

நான்கு வெவ்வேறு நடவடிக்கைகளுக்குத் தலைப்பில் ஒரே சொல் போடப்படுகிறது.

1. வளர்ப்புக்குத் தடை. இங்கிலாந்தும் வேல்ஸும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஃபர் பண்ணைகளை மூடவைத்தன. நெதர்லாந்தில் 2021இலும் இத்தாலியில் 2022இலும் மிங்க் பண்ணைகள் முடிவுக்கு வந்தன. கடைகளை இது தொடாது. பண்ணையை ஒழித்த பிரிட்டனிலேயே இறக்குமதியான ஃபரை இன்றும் வாங்கலாம். அங்கே ஓயாமல் நடக்கும் சண்டையே அதைப் பற்றித்தான்.

2. விற்பனைக்குத் தடை. வெஸ்ட் ஹாலிவுட் 2013இலும் சான் ஃபிரான்சிஸ்கோ 2019இலும் தொடங்கின. பிறகு 2023 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் புதிய ஃபர் பொருள்களின் விற்பனை நின்றது. பழைய, பயன்படுத்திய ஃபருக்கு அங்கே விலக்கு உண்டு. இஸ்ரேல் 2021இல் நாடு தழுவிய விற்பனைத் தடையைக் கொண்டுவந்தபோது மதத் தேவைக்கு விலக்கு அளித்தது. ஹசீதிய யூத ஆண்கள் ஓய்வுநாளில் அணியும் ஷ்ட்ரைமல் என்ற வட்டத் தொப்பி விலங்கு வால்களால் செய்யப்படுவது என்பதே காரணம்.

3. கடைகளும் நிறுவனங்களும் தாமாக எடுத்த முடிவு. லண்டனின் பெரிய அங்காடியான செல்ஃப்ரிட்ஜஸ் 2005இலிருந்து ஃபர் விற்பதில்லை. இத்தாலிய ஆடம்பர உடை நிறுவனமான குச்சி (Gucci) 2017இல் கைவிடுவதாக அறிவித்தது. கொயோட்டி மயிர் வைத்த தலைமூடிக்குப் பேர்போன ஜாக்கெட் நிறுவனமான கனடா கூஸ் 2021இல் அதே வழிக்கு வந்தது. இவை வியாபார முடிவுகள். இவற்றுக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை.

4. இறக்குமதிக்குத் தடை. பயணியைத் தொடுவது இது ஒன்றுதான்.

மேலே சொன்ன எந்த ஊரிலும் ஃபர் அணிந்து நடப்பது குற்றமல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் மிங்க் கோட்டோடு உலவலாம். அங்கே கடையில் புதிதாக ஒன்று வாங்க முடியாது, அவ்வளவே.

எல்லையில் நடப்பது

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இலிருந்து உறுப்பு நாடு. உயிரினங்களை அது மூன்று பட்டியல்களில் வைக்கிறது. முதல் பட்டியலில் இருப்பவற்றை வணிகத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. இரண்டாம் பட்டியலில் இருப்பவற்றை உரிமத்தோடு கொண்டுபோகலாம். மூன்றாவது, ஏதேனும் ஒரு நாடு தன் எல்லைக்குள்ளிருக்கும் விலங்குக்காகக் கேட்டுக்கொண்டு சேர்த்தது.

கோட்டின் விலங்கைத் தெரிந்துகொண்டால் நிலைமை ஓரளவு புரிந்துவிடும்.

- மிங்க், கொயோட்டி, ரக்கூன், பீவர், முயல்: சைட்டிஸ் பட்டியலில் இல்லை. உடுத்திக்கொண்டோ பெட்டியிலோ கொண்டுபோகும் சொந்த உடைக்குப் பொதுவாக உரிமம் தேவைப்படாது.
- ஓநாய், லிங்க்ஸ், பாப்கேட் என்ற காட்டுப்பூனைகள், வட அமெரிக்க நீர்நாய்: இரண்டாம் பட்டியல். சொந்தப் பொருளுக்கு ஒப்பந்தம் விலக்கு தருகிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் அதைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாம் என்ற வாசலும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பூட்டான் ஓநாய்கள் முதல் பட்டியலில் உள்ளவை.
- சிறுத்தை, ஓசிலாட் உள்ளிட்ட புள்ளிப் பூனைகள், காட்டுச் சின்சில்லா (தென் அமெரிக்கச் சிறு கொறிவிலங்கு): முதல் பட்டியல். பண்ணையில் வளர்த்த சின்சில்லா இதில் வராது. ஆனால் அது பண்ணையில் வளர்ந்ததுதான் என்று காட்ட வாங்கிய சீட்டு வேண்டும்.

அதிகம் மாட்டிக்கொள்வது கடைசியாகச் சொன்ன, முதல் பட்டியல் விலங்குகளின் பழைய கோட்டுகள். 1960களில் சிறுத்தைத் தோல் கோட் பெரிய நாகரிகமாக இருந்தது. அந்தக் காலத்துக் கோட்டு ஒன்று பழைய துணிக்கடையிலோ குடும்பப் பெட்டியிலோ கிடைத்தால், “சட்டம் வருவதற்கு முந்தையது, ஆகவே பரவாயில்லை” என்று சொல்லிக்கொள்வது வழக்கம். ஒப்பந்தத்துக்கு முந்தையது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை அதிகாரி ஏற்க, முந்தையது என்று உரிய அலுவலகம் வழங்கிய சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கும் பழைய புகைப்படத்துக்கும் அங்கே மதிப்பில்லை.

கடல்நாய்த் தோல்: ஒரே கையுறை, இரு விதி

வழி எப்படி எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பதற்குக் கனடாவின் கடல்நாய்த் தோல் நல்ல உதாரணம். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் கடைகளில் கடல்நாய்த் தோல் கையுறையும் பணப்பையும் வெளிப்படையாக விற்கிறார்கள். வடகோடி நுனாவுட் பகுதியின் இக்காலுயிட்டில் இனுயிட் பழங்குடி மக்கள் அதை அன்றாடம் அணிகிறார்கள். கனடாவுக்குள் வாங்குவதும் அணிவதும் முழுக்கச் சட்டபூர்வமானவை. வேட்டையாடப்படும் ஹார்ப் கடல்நாய் சைட்டிஸ் பட்டியலிலும் இல்லை.

ஆனால் அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், கடல்நாய்ப் பொருள்களைச் சொந்த உபயோகத்துக்காகக்கூட உள்ளே விடுவதில்லை. டொராண்டோவில் வாழும் ஒருவர் நியூஃபவுண்ட்லாந்துக்குச் சுற்றுலா போய்க் கையுறை வாங்கி, அடுத்த மாதம் அதே கையுறையோடு நயாகரா பாலத்தைக் கடந்து பஃபலோவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போனால், அது எல்லையில் பறிமுதல் ஆகும். “நான் அமெரிக்காவில் தங்கவில்லை, நியூயார்க்கில் விமானம் மட்டும்தான் மாறுகிறேன்” என்பதும் உதவாது. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்க விமானம் ஏறுவோருக்கு அமெரிக்கச் சுங்கச் சோதனை அங்கேயே, கனடா மண்ணிலேயே நடக்கிறது. ஆகவே டொராண்டோவிலிருந்து அமெரிக்கா வழியாகச் சென்னைக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே கையுறை போய்விடும்.

இதே கையுறையோடு பாரிஸுக்குப் போனால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கடல்நாய்ப் பொருள்களின் வணிகத்தைத் தடைசெய்தது. ஆனால் பயணிகள் தம் உபயோகத்துக்காக எப்போதாவது கொண்டுவருவதற்கு அந்த விதி இடம் விட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டம் விலங்கைப் பார்க்கிறது, ஐரோப்பிய விதி சந்தையைப் பார்க்கிறது. வேறுபாட்டின் வேர் இதுதான்.

நாய், பூனை மயிருக்கு இரண்டு இடத்திலும் கதவு அடைத்துத்தான் இருக்கிறது. அமெரிக்கா 2000இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2008 இறுதியிலிருந்தும் அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்துள்ளன. ரக்கூன் நாய் என்று ஒன்று உண்டு. பெயரில் நாய் இருந்தாலும் அது வீட்டுநாய் அல்ல, வேறொரு காட்டுவிலங்கு. அமெரிக்க விலைச்சீட்டுகளில் அதை ஆசிய ரக்கூன் என்று எழுதுவார்கள்.

இந்தியாவிலிருந்து கிளம்பும்போது

நம்மவர்கள் ஃபரை நினைத்துக் கவலைப்பட்டு, அதைவிட ஆபத்தான ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போவதுண்டு. ஷாதூஷ் சால்வை. திபெத்தியப் பீடபூமியில் வாழும் சிரு மானின் உள்மயிரில் ஸ்ரீநகரில் நெய்யப்பட்டது அது. ஆட்டிலிருந்து எடுப்பதுபோல் சிருவிடம் மயிர் கத்தரிக்க முடியாது, கொன்றுதான் எடுக்கிறார்கள். ஒரு சால்வைக்கு மூன்று நான்கு மான்கள் போகும். சைட்டிஸ் முதல் பட்டியல், இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை இரண்டிலும் சிரு இருக்கிறது. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாட்டி காலத்துச் சால்வை என்பது விதிவிலக்கு ஆகாது.

பஷ்மினா சட்டபூர்வமானது, லடாக் ஆட்டின் மயிர் அது. ஷாதூஷ் இழை சுமார் 9 முதல் 12 மைக்ரான், பஷ்மினா 12 முதல் 16 மைக்ரான். கையால் தடவி வித்தியாசம் சொல்ல முடியாது. நுண்ணோக்கிதான் சொல்லும். மோதிரத்துக்குள் நுழைவது ஷாதூஷ் என்ற பழைய பேச்சும் சோதனைக்கு உதவாது, மெல்லிய பஷ்மினாவும் நுழையும். பஷ்மினா எடுத்துப்போனால் கடை ரசீதைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். மிங்க், நரி, சின்சில்லா மென்மயிர்த் தோல்களின் இறக்குமதியை இந்தியா 2017 ஜனவரியில் தடைசெய்தது. உடுத்திப் பழகிய சொந்தக் கோட்டும் விலைச்சீட்டுத் தொங்கும் புதுக் கோட்டும் சுங்க மேசையில் ஒன்றல்ல. துபாய் தேராவின் பனியாஸ் சதுக்கத்தைச் சுற்றி, நாற்பது டிகிரி வெயிலில், ரஷ்ய மொழிப் பலகை வைத்து ஃபர் கோட் விற்கும் கடைகளைப் பார்த்துத் தள்ளுபடி விலையில் ஆசைப்படுவோர், பணம் கொடுக்கும் முன் இந்தியச் சுங்கத்துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அவ்வளவு குளிர் இருக்கிறதா

ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை லண்டனில் 5 டிகிரி செல்சியஸை ஒட்டியும், நியூயார்க்கில் 1 டிகிரியை ஒட்டியும், டொராண்டோவில் மைனஸ் 4ஐ ஒட்டியும், மாஸ்கோவில் மைனஸ் 6ஐ ஒட்டியும் இருக்கும். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் மைனஸ் 37ஐ ஒட்டி. இந்த வரிசையில் கடைசி ஊரில்தான் ஃபர் தன் முழு வேலையைச் செய்கிறது. மாஸ்கோவில் உதவும், இல்லாமலும் சமாளிக்கலாம். லண்டனில் அது சுமை, காரணம் மழை. நனைந்த உள்மயிர் படிந்து காற்றை இழந்துவிட்டால் கோட் கனக்கும், குளிரும்.

முழுநீள மிங்க் கோட் மூன்று கிலோவைத் தொடும். இறகு அடைத்த நல்ல ஜாக்கெட் அதில் பாதிகூட இராது, அதே வெப்பத்தைத் தரும். ஃபருக்கு நிகரில்லாத ஒரே இடம் முகத்தைச் சுற்றிய தலைமூடி ஓரம். நீள நீளமான, உயரம் சமமில்லாத மயிர் வீசும் காற்றைச் சிதறடித்து முகத்தருகே அசையாத காற்றுப்படலம் ஒன்றை உண்டாக்குகிறது. மூச்சின் ஈரம் அதில் உறைந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆர்க்டிக் மக்கள் இதற்கென்றே வுல்வரின் என்ற வடநாட்டு ஊனுண்ணியின் மயிரைத் தேடிப்பிடித்தார்கள். போலி ஃபரில் உறைபனி கட்டிக்கொண்டு ஒட்டும். ஆனால் இந்த வித்தியாசம் தெரிவதற்கு மைனஸ் 20க்குக் கீழே போக வேண்டும்.

மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் மாணவர்களுக்கு ஒரு நடைமுறை விவரம். அங்கே கல்லூரி, மருத்துவமனை, நாடக அரங்கு எதிலும் கோட்டோடு உள்ளே விடமாட்டார்கள். வாசலில் உள்ள கோட் அறையில் கொடுத்து எண் வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டை மாட்டுவது கழுத்துப்பட்டையின் உள்ளே தைத்த சிறு வளையத்தில். அது அறுந்திருந்தால் கோட் அறை அம்மாக்களிடம் திட்டு வாங்காமல் தப்ப முடியாது. கிளம்பும் முன் கெட்டி நூலால் தைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் புதிதாக வாங்குவதானால், 2016 ஆகஸ்டில் ஒவ்வொரு ஃபர் கோட்டிலும் மின்னணு அடையாளச் சில்லு கட்டாயமாக்கப்பட்டது. எந்த அடையாளமும் இல்லாத புதுக் கோட் கள்ளச் சரக்காக இருக்கலாம்.

ஊர் எப்படிப் பார்க்கும்

மாஸ்கோவில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மிலானில் வயதான பெண்மணிகளின் ஞாயிற்றுக்கிழமை உடையே அதுதான். லண்டனில் நிலைமை இறுக்கம்: 2019இல் எலிசபெத் அரசியின் புதிய உடைகளுக்குப் போலி ஃபர்தான் என்று அறிவிப்பு வந்தது, 2024இல் கமிலா அரசி இனி ஃபர் வாங்கப்போவதில்லை என்றார். அரண்மனை வாசல் காவலர் தலையில் மட்டும் கனடாக் கரடித் தோல் தொப்பி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. லண்டனில் ஃபர் அணிந்தால் பெரும்பாலும் ஒரு முறைப்போ முணுமுணுப்போதான் கிடைக்கும். அடுத்தவர் வீட்டு விருந்துக்குப் போகும்போது தவிர்ப்பது மரியாதை.

அசலா, போலியா

போலி என்று நினைத்து வாங்கியது அசலாக இருக்கும் விந்தையும் நடக்கிறது. மலிவான ரக்கூன் நாய் மயிர் சில நேரம் நல்ல போலி ஃபரைவிட விலை குறைவு. ஐரோப்பியத் துணிச்சீட்டில் “விலங்கிலிருந்து வந்த, துணியல்லாத பகுதி உண்டு” என்ற வாசகம் இருந்தால் அசல் தோலோ மயிரோ இருக்கிறது என்று பொருள். எந்த விலங்கு என்று அது சொல்லாது. அமெரிக்கச் சீட்டு விலங்கின் பெயரைச் சொல்லும். சீட்டே இல்லையென்றால்:

1. மயிரை இரு விரலால் விலக்கி அடியைப் பாருங்கள். தோல் தெரிந்தால் அசல், பின்னிய துணி தெரிந்தால் போலி.
2. நுனியைப் பாருங்கள். அசல் மயிர் ஊசிபோல் கூர்ந்து முடியும். போலி இழை வெட்டியதுபோல் மொட்டையாக முடியும். கத்தரித்த அசல் மயிரும் மொட்டையாக இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது.
3. இரண்டு மூன்று மயிரைப் பிடுங்கி, உடையிலிருந்து தள்ளிப்போய், கொளுத்துங்கள். தலைமயிர் கருகும் நாற்றம் வந்தால் அசல். உருகி உருண்டையாகிப் பிளாஸ்டிக் வாடை அடித்தால் போலி.

சென்னைக்குக் கொண்டுவந்த பிறகு

ஃபர் தோலை லெதர்போல் கடுமையாகப் பதனிட முடியாது, மயிர் உதிர்ந்துவிடும். மென்மையான பதப்படுத்தல் என்பதால் ஈரமும் சூடும் அதற்கு ஆகவே ஆகாது. ஃபர் தைப்பவர்கள் கோடையில் 7 முதல் 10 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்தை ஒட்டியும் குளிர் அறையில் வைக்கிறார்கள். சென்னையின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேல் ஈரம். பீரோவில் விட்டுவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்துப்பூச்சி வரும்.

பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள்; பருத்தித் துணி உறை போதும். அகலத் தோள் கொண்ட ஹேங்கரில், மற்ற துணிகள் நெருக்காமல் தொங்கவிடுங்கள். நாப்தலீன் உருண்டை வேண்டாம், அந்த வாடை மயிரைவிட்டுப் போகாது. நனைந்தால் உதறி, சாதாரண அறைச்சூட்டில் உலரவிட வேண்டும். ஹீட்டர், வெயில், இஸ்திரிப்பெட்டி மூன்றும் தோலைச் சுருக்கும். சாதாரண ட்ரை கிளீனிங்கில் தோலின் எண்ணெய் போய்விடும். ஃபர் தைப்பவர்கள் மரத்தூளோடு உருளையில் சுழற்றித்தான் சுத்தம் செய்வார்கள்.

நீண்ட நாள் மடித்துக் கிடந்த கோட்டை மறுபடி பயணத்துக்கு எடுக்கும்போது, உள்துணிப் பக்கத்திலிருந்து தோலை மெல்ல மடக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். காகிதம்போல் சரசரத்தால் தோல் காய்ந்துவிட்டது. அதற்குமேல் அதில் எந்தத் தையலும் நிற்காது. கைதூக்கி ஓவர்கோட் மாட்டும் முதல் நாளே அக்குளில் கிழியும்.